கும்பகோணத்தில் ஞாயிறு காலைச் சிற்றுண்டியை வெளியே சாப்பிட வேண்டுமென்றால் எங்கே போகலாம், என்ன கேட்கலாம்?

திருமணத்துக்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் வருவதாகவும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேளை மட்டும் வெளியே சாப்பிட முடியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, கடையின் பெயரைக் காட்டிலும் நீங்கள் போய்ச் சேரும் நேரம்தான் முக்கியம் என்பது. ஆறரை மணிக்குள் உட்கார்ந்துவிட்டீர்களானால், கோயில் தெருக்களில் உள்ள பழைய சைவ ஓட்டல்களில் எதில் நுழைந்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள். ஒன்பது மணிக்குப் போனால், ஊரே புகழும் கடையிலும் மற்ற ஊர்களில் கிடைக்கும் இட்லியும் சாம்பாரும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்படி நான் நேரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம், இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் கடப்பா. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பூண்டு, பச்சை மிளகாய் ஆகியவற்றை அரைத்துவிட்டு, பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலையோடு வெங்காயத்தை வதக்கிக் கொட்டிச் செய்கிறார்கள். சாம்பார்ப் பொடியும் புளியும் இதில் கிடையாது. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிவதோடு சரி. பார்ப்பதற்கு வெளிறிய குருமாவைப் போல இருந்தாலும், பருப்பு சேர்வதால் குருமாவின் காரமும் கனமும் இல்லாமல் இட்லிக்குள் மெதுவாக இறங்கும். பல கடைகளில் இதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடுகிறார்கள். அதையும் ஒரே ஒரு அண்டாதான் வைப்பார்கள். தீர்ந்தால் மறுபடியும் வைக்கும் வழக்கம் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தங்கையின் கணவர் கோயம்புத்தூர்க்காரர். திருமணமான புதிதில் அவர் வந்திருந்தபோது, மூன்று நாட்களாகக் கடப்பாவின் பெருமையைப் பேசி அவர் ஆவலைக் கிளப்பிவிட்டு, ஞாயிறு காலை சாவகாசமாகக் குளித்துக் கோயிலுக்கும் போய்விட்டு ஒன்பது மணிக்கு அவரை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன். பரிமாறுபவர் இலையில் இட்லியை வைத்துவிட்டு, "கடப்பா ஏழரைக்கே ஆயிடுச்சுங்க, சாம்பார் ஊத்தட்டுங்களா?" என்றார். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மேசைமேல் பதித்திருந்த கறுப்புக் கல்லை இரண்டு விரலால் தட்டிக் காட்டி, "மச்சான், நீங்க சொன்ன கடப்பா இந்தக் கல்தானா?" என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

எந்தக் கடை என்று கேட்டால், ஒரு பெயரை எழுதிவிட்டு அன்று அங்கே அடுப்பு மேல் நிற்கும் மாஸ்டர் விடுப்பில் போயிருந்தால் பழி எனக்கு வரும். ஆகவே அடையாளங்களைச் சொல்கிறேன். கும்பேசுவரர் கோயில் சன்னதிப் பக்கம், பெரிய கடைத் தெரு, மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் ஆகியவற்றில் நடந்து பாருங்கள். காபிக்கு வாசலிலேயே தனி அடுப்பும் தனி ஆளும் இருக்க வேண்டும். அன்றைய பலகாரங்களைப் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நாற்பது வகைகளை அச்சடித்துக் கண்ணாடித் தாளில் போட்டு நீட்டும் இடத்தில் அந்த நாற்பதையும் அன்று காலை செய்திருக்க முடியாது. உள்ளே சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் தனியாக வந்த உள்ளூர் ஆண்களாக, ஒரு கையில் நாளிதழோடு உட்கார்ந்திருந்தால் தயங்காமல் நுழையலாம். எங்கள் அப்பா காலத்தில் இத்தகைய இடங்களைக் 'கிளப்புக் கடை' என்றுதான் சொல்வார்கள்; இன்றும் வயதானவர்கள் வாயில் அந்தச் சொல் இருக்கிறது.

உட்கார்ந்ததும் இரண்டு இட்லி, கடப்பா என்று சொல்லுங்கள். தூக்குவாளியோடு வருபவர் கரண்டியால் இட்லியின் மேலேயே ஊற்ற வருவார், தடுக்காதீர்கள். ஆனால் சாம்பாரையும் சட்னியையும் அதன்மேல் வாங்கிவிட வேண்டாம், அவற்றுக்கு இலையின் மறுபக்கம் இருக்கிறது. இட்லி துணியில் வார்த்ததாக இருந்தால் அடிப்பக்கத்தில் நெசவின் வரி தெரியும். எண்ணெய் தடவிய தட்டில் வார்த்ததற்கு அந்த வரி இருக்காது, கடப்பாவை உறிஞ்சும் தன்மையும் குறைவு.

இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நெல் விளையும் ஊரில் அரிசி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். மயிலாடுதுறை சாலையில் உள்ள ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த ஏ.டி.டி. 37 என்ற குண்டு ரகத்தைத்தான் புழுங்க வைத்து இட்லி அரிசியாக இங்கே அதிகம் விற்கிறார்கள். ஆனால் அறுவடையானதும் வரும் புது அரிசியில் மாவு பிசுபிசுத்து, இட்லி துணியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே தேர்ந்த மாஸ்டர்கள் சில மாதம் கிடந்து பழகிய அரிசிதான் வேண்டும் என்று முதலாளியிடம் சண்டை பிடிப்பார்கள். குறுவை அறுவடை முடிந்த ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் வருவதாக இருந்தால், இட்லி சற்றுக் கொழகொழவென்று இருக்கும் கடையை இந்தக் காரணத்துக்காக மன்னிக்கலாம், அல்லது மன்னிக்காமல் அடுத்த கடைக்குப் போகலாம். நான் இரண்டாவது ரகம்.

பொங்கலும் வடையும் நன்றாக இருக்கும், ஆனால் அது எங்கும் கிடைக்கும். பூரி குழந்தைகளுக்கு. ரவா தோசையைக் கூட்ட நேரத்தில் கேட்டால் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் உங்கள் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காபியை மட்டும் அவசரப்படாமல் குடியுங்கள். கும்பகோணம் டிகிரி காபியில் 'டிகிரி' என்பது பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அளக்கும் லாக்டோமீட்டரின் அளவைக் குறிப்பது என்று சொல்வார்கள். சிக்கரி என்ற சொல்லே திரிந்து டிகிரி ஆனது என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் இந்தக் காபியின் உயிர் தண்ணீர் படாத பசும்பாலில் இருக்கிறது. அதை மீண்டும் மீண்டும் கொதிக்கவிட்டால் ஆடையும் காய்ச்சல் வாடையும் சேர்ந்து டிகாக்‌ஷனை அமுக்கிவிடும். முதல் டிகாக்‌ஷனும் முதல் காய்ச்சலில் உள்ள பாலும் சேரும் காபி கிடைப்பதும் அதிகாலையில்தான். பித்தளை டம்ளர் டபராவில் கவிழ்த்தாற்போல் வந்தால் நுனியை மெல்ல உயர்த்தி இறக்கி, இரண்டு ஆற்று ஆற்றுங்கள். அதற்கு மேல் ஆற்றினால் நுரைதான் மிஞ்சும்.

நெடுஞ்சாலைகளில் சென்னை வரைக்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். அவற்றில் பளபளக்கும் பித்தளை டபராவைத் தவிரக் கும்பகோணத்தைச் சேர்ந்தது எதையும் நான் இதுவரை கண்டதில்லை. ஒரு முறை வழியில் நிறுத்திக் குடித்தபோது, சர்க்கரைப் பாகில் சிக்கரியைக் கரைத்தது போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். காபித்தூள் வாங்க நினைத்தால் ஊருக்குள் அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். நூறுக்கு இருபது பங்கு சிக்கரிக்கு மேல் போகாமல், உங்கள் கண்ணெதிரே கலக்கச் சொல்லுங்கள்.

திருமண மண்டபத்திலிருந்து வருவதால் ஒரு சங்கடம் உண்டு. உறவினர்கள் ஒவ்வொருவரையும் எழுப்பி, குளிக்க வைத்து, வண்டி பிடித்துப் புறப்படுவதற்குள் எட்டு மணி ஆகிவிடும். முகம் கழுவிய நான்கு பேர் முதலில் நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பார்சல் வாங்கி வருவதே நடக்கக்கூடிய காரியம். பார்சலில் கடப்பாவை இட்லியோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். சென்னை வரை கொண்டுபோய் மாலையில் சாப்பிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். தேங்காயும் பாசிப்பருப்பும் சேர்ந்தது வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும், விழுப்புரம் தாண்டும்போது பையைத் திறந்தால் வாசனையே சொல்லிவிடும்.