ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் ஏன் மறக்கிறது?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து என் கணவருக்குத் தலையில் அடிபட்டு ஆறு வாரம் ஆகிறது. சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் காலையில் சொன்னது மதியம் அவருக்கு நினைவில் இல்லை. வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறார் என்று உறவில் பேசுகிறார்கள். இது இப்படியே இருந்துவிடுமா?

உறவினர்களுக்கு முதல் பதில்: ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து, நடிக்கிறார் என்று சொல்லவே முடியாது.

சிடி ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். உடனே அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பார்க்கத்தான் முக்கியமாக அதை எடுக்கிறார்கள். தலை சட்டென்று குலுங்கி நிற்கும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களில் உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் அந்த நேரத்தில்தான் ரத்த ஓட்டமும் குறைகிறது. இவை எதுவும் சிடி படத்தில் தெரியாது. ஹெல்மெட் மண்டையைக் காக்கும், உயிரைக் காக்கும். உள்ளே நடக்கும் குலுக்கலை முழுவதும் தடுக்காது.

என் அண்ணன் பல்லடம் பக்கத்தில் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். காங்கேயத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு வேகத்தடை வண்டியோடு அவரைத் தூக்கிப் போட்டது. சீர் நடந்தது அவருக்கு நினைவிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தது முதல் மருத்துவமனையில் தையல் போட்டது வரை ஒன்றும் இல்லை. அந்தத் துண்டு இன்று வரை திரும்பவில்லை. அடிபடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவை மூளையில் நிலைபெறவே இல்லை என்பதால், பெரும்பாலும் அவை திரும்புவதில்லை. அதை நினைத்துக் கலங்க வேண்டாம். 'நன்றாக யோசித்துப் பாருங்கள்' என்று உங்கள் கணவரைக் குடைய வேண்டாம்.

எங்களைப் பயமுறுத்தியது அதற்குப் பிறகு வந்த மறதிதான். ஒரு நாள் தறிக் குடோனுக்குள் போனார். இரைச்சல் தலைவலியைக் கிளப்பும் என்று தடுத்தும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்து ஒரு தறி நின்றது. எது நின்றது என்று தேடவே இல்லை. நேராக அதனிடம் போய், குறுக்கே ஓடும் நாடாவில் நூல் சுற்றிய தார்க் குழலை மாற்றி, ஓட்டிவிட்டு வந்தார். வெளியே வந்ததும், "அம்மிணி, நூல் வண்டி எப்போது வருகிறது என்று சொன்னார்கள்?" என்று கேட்டார். சற்று முன்புதான் அதைச் சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார்.

கையில் ஊறிய தொழிலை மூளை வேறு பகுதிகளில் வைத்திருக்கிறது. இப்போது காதில் விழுவதைப் புதிதாகப் பதிப்பது தனி வேலை, அதற்குக் கவனம் வேண்டும். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போவதால், அந்தக் கவனம்தான் முதலில் தளர்கிறது. நாம் மறதி என்று நினைப்பதில் பெரும்பகுதி உள்ளே பதியாமலே போனவை. இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் பேசும் முறையே மாறியது. டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரே ஒரு செய்தியைச் சொல்வோம். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். பிறகு நாள்காட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் அவர் கையாலேயே எழுதுவார். நோட்டு ஒன்றே ஒன்று, இடமும் ஒன்றே. பத்துச் சீட்டில் எழுதி வைத்தால் சீட்டைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

பரீட்சை வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சாத்துக்குடியோடு வந்தவர்கள் எல்லாம் "நான் யார், சொல் பார்க்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி அண்ணன் களைத்து, பதற்றத்தில் தெரிந்ததையும் உளற ஆரம்பித்தார். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, கேள்வி கேட்காதீர்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

ஓய்வு வேண்டும், ஆனால் வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதை இப்போது மருத்துவர்கள் சொல்வதில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, சின்னச் சின்ன வேலை, தலைவலி கூடினால் குறைத்துக்கொள்வது என்று படிப்படியாகப் போக வேண்டும். இரவுத் தூக்கம் மிக முக்கியம். மது கூடவே கூடாது. இன்னொரு முறை தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதனால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். வல்லாரைத் துவையல் நல்ல உணவு, கொடுங்கள். நினைவாற்றல் மருந்து என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. லேசான தலைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் போய், நினைவையும் கவனத்தையும் அளக்கும் உளவியல் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. தூக்கமின்மை, மனச்சோர்வு, தலைவலி, சில மாத்திரைகள் இவையும் மறதியைக் கூட்டும், இவற்றுக்கு வழி உண்டு. சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

நாளாக நாளாக மறதி கூடினால் அது வேறு விஷயம். எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, மாட்டுக் கட்டுத்தரை விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். அன்று ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்துப் பேச்சு குழறியது, ஒரு கால் இழுத்தது, பகலெல்லாம் தூங்கினார். வயதாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்கும் மூளைக்கும் நடுவில் மெதுவாகக் கசிந்த ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. மண்டையில் துளையிட்டு அதை வெளியேற்றினார்கள், பேச்சு தெளிந்தது. வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் இது பிறகு வரலாம். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள்.

இப்போதே எங்களைப் போல நீங்களும் ஒரு நோட்டு வைத்து, அதன் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வாருங்கள்: எதை மறந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், தலைவலி இருந்ததா. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கூடுகிறதா குறைகிறதா என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே அவர் சொல்லிவிட முடியும்.