முன்பு வாந்தி எடுத்ததை மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்

சகோதரி, பித்தப்பை அறுவைக்குப் பின் இரவெல்லாம் வாந்தி எடுத்ததால் இப்போது சிசேரியனை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பயணத்தில் குமட்டும் என்றால் அதையும். ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்று வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்து, வாந்தி வரும் முன்பே கொடுக்க முடியும்.

மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் எனக்குக் குமட்டி, வாயில் எச்சில் ஊறியது, காது அடைத்தது. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சொன்னதும் அழுத்தத்தை ஏற்ற மருந்து செலுத்தினார்கள், குமட்டல் சட்டென்று அடங்கிவிட்டது. நீங்களும் அப்படி இருந்தால் சொல்லாமல் அடக்கிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வலியைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலை நேரத்துக்குப் போட்டால் குமட்டலைக் கிளப்பும் மார்ஃபின் வகை மருந்து குறைவாகவே தேவைப்படும். இருமும்போது தையல் மேல் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.