ஆராய்ச்சி நிதி விண்ணப்பம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஏஎன்ஆர்எஃப் (மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) நிதிக்கு மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை முதன்முறையாக அனுப்பப் போகிறேன். யாரிடம் உதவி கேட்பது? என்னென்ன மென்பொருள் வேண்டும்?
- வாசகி, விருதுநகர்

பதில்: கையில் இருப்பது பழைய செர்ப் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) படிவமா என்று முதலில் பாருங்கள். 2023 சட்டத்தால் செர்ப் ஏஎன்ஆர்எஃப்புக்குள் போய்விட்டது. அறிவிப்போடு இணையதளத்தில் வரும் படிவத்தில் மட்டுமே எழுதுங்கள்.

எழுதுவதைவிட, பிறர் தர வேண்டிய காகிதங்களுக்குத்தான் நாள் பிடிக்கும். முதல்வரின் ஒப்புதல் சான்றிதழுக்கும் கருவிகளின் கொட்டேஷனுக்கும் இன்றே கடிதம் கொடுங்கள்.

முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் இடறுவது பட்ஜெட்டில். கொட்டேஷனில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் போட்டுவிடுவார்கள். 10 லட்ச ரூபாய்க் கருவி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 11.8 லட்சம். விடுபட்ட 1.8 லட்சத்தைக் கெமிக்கலுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து உங்கள் விருப்பப்படி எடுக்க முடியாது. ஒவ்வொரு செலவினமும் தனித்தனி. அதேபோல ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஒருவரைக் கேட்டால், 2023இல் உயர்த்திய விகிதப்படி முதல் இரண்டாண்டுக்கு மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் மூன்றாம் ஆண்டில் 42,000. இதுவே 13.92 லட்சம் ஆகிறது, வீட்டு வாடகைப்படி தனி. மூன்றாண்டுக்கும் 37,000 என்றே பெருக்கினால் 60,000 குறையும்.

ஆள் உதவிக்கு: நிதி பெற்ற திட்டங்களின் பட்டியல் வெளிப்படையாகவே கிடைக்கும். அதில் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் உங்கள் துறையில் இருப்பவருக்கு எழுதி, அவருடைய விண்ணப்பத்தைக் காட்டக் கேளுங்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பமும், அதற்கு மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பும் கிடைத்தால் இன்னும் நல்லது. அனுப்பும் முன், வேதியியல் அல்லாத ஒருவரிடம் முதல் பக்கத்தைக் கொடுங்கள். எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று அவரால் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை மாற்றி எழுத வேண்டும்.

மென்பொருளில், மேற்கோள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஜொட்டேரோ போதும், இலவசம். நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தாலும் வரிசை எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். கால அட்டவணைக்கு எக்ஸெல். ஆய்விதழ்களுக்கு, 2025 ஜனவரியில் தொடங்கிய, கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தரும் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா'வில் உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தைச் சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தத் திட்டத்தின் விதி அனுமதித்தால் ஆங்கிலத்தைத் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள். மேற்கோள்களை அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைகளையும் உண்மைபோலவே தந்துவிடும், மதிப்பீட்டாளர் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் முழு விண்ணப்பத்தின் நம்பகமும் போய்விடும். கட்டுரைகளின் அடையாள எண்ணான டிஓஐ ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பாருங்கள்.