கணினி கேள்வி–பதில்: பின்னூட்டப் பெட்டியில் குவியும் எரிதங்கள்

கேள்வி: கோயில் கல்வெட்டுகளைப் பற்றி வேர்ட்பிரஸ்ஸில் ஒரு வலைப்பூ நடத்தி வருகிறேன். சூதாட்டத் தளங்களுக்கும் மாத்திரைக் கடைகளுக்கும் விளம்பரமான எரிதப் (ஸ்பேம்) பின்னூட்டங்கள் நாள்தோறும் வந்து குவிகின்றன. மூன்று பிளகின்களை (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களை) நிறுவியும் முழுமையாக நிற்கவில்லை. வழக்கமாக எழுதும் வாசகர் ஒருவரின் பின்னூட்டம்தான் காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மூன்று பிளகின்களில் இரண்டை நீக்கிவிடுங்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் வடிகட்டும்போது, உங்கள் வாசகரை எது தடுத்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

இவற்றை அனுப்புபவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். அவை உங்கள் பக்கத்தைத் திறந்து படிப்பதுகூட இல்லை. பின்னூட்டங்களைப் பெற்றுக்கொள்ளும் கோப்புக்கு நேரடியாகச் செய்தியைத் தள்ளிவிட்டுப் போய்விடுகின்றன. தங்கள் தளத்துக்கு வெளியிலிருந்து இணைப்புகள் பெருகினால் தேடுபொறியில் முன்னுக்கு வரலாம் என்பதே நோக்கம். இதைத் தடுக்க 2005ஆம் ஆண்டில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகியவை, ‘இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ என்ற குறியீட்டை ஏற்றுக்கொண்டன. பின்னூட்டங்களில் வரும் இணைப்புகளுக்கு வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. ஆனாலும் அனுப்புவதற்குச் செலவே இல்லாதபோது, பயனில்லை என்பதற்காக யாரும் அனுப்பாமல் இருப்பதில்லை.

பிளகினுக்கு முன்பாக, செட்டிங்ஸில் உள்ள ‘டிஸ்கஷன்’ பகுதியைப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு முறை அனுமதி பெற்றவரின் பின்னூட்டம் மட்டுமே உடனே வெளியாகட்டும் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், புதியவர்களின் பின்னூட்டங்கள் அனைத்தும் உங்கள் மட்டுறுத்தலுக்காக, அதாவது நீங்கள் படித்து அனுமதிப்பதற்காக, காத்திருக்கும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புகள் இருந்தால் நிறுத்திவைக்கும் ஏற்பாடும் அங்கேயே உண்டு. ஆனால் “மிக அருமையான கட்டுரை, நண்பர்களுடன் பகிர்ந்துகொண்டேன்” என்று பாராட்டிவிட்டு, பெயருக்குரிய கட்டத்தில் கடையின் பெயரையும் தளமுகவரிக் கட்டத்தில் இணைப்பையும் வைத்து வரும் எரிதம் அதில் சிக்காது. கல்வெட்டில் எந்த அரசனைப் பற்றி எழுதினீர்கள் என்பதைக்கூடத் தொடாத பாராட்டு என்றால், எவ்வளவு இனித்தாலும் ஐயப்படுங்கள். வேறொரு தளம் உங்கள் பதிவுக்கு இணைப்பு தந்ததை அறிவிக்கும் பிங்பேக், டிராக்பேக் வசதிகளை அணைத்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை.

அதே பக்கத்தில் தடைசெய்யும் சொற்களுக்கான பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் வாசகர் அங்கேதான் மாட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டியல் சொல்லைத் தனிச்சொல்லாகப் பார்ப்பதில்லை. வேறொரு சொல்லின் நடுவே அந்த எழுத்துகள் வந்தாலும் பிடித்துவிடும். ‘சியாலிஸ்’ (cialis) என்ற மாத்திரையின் பெயரை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துவைத்தால், ‘ஸ்பெஷலிஸ்ட்’ (specialist) என்று ஆங்கிலத்தில் எழுதுபவரும் குப்பைக்குப் போய்விடுவார். ஆகவே அந்தப் பட்டியலைக் கூடியவரை காலியாகவே வைத்திருங்கள்.

பிளகின்களில் ஆன்டிஸ்பேம் பீயும் 2005இல் வெளிவந்த அகிஸ்மெட்டும் தனிநபர் வலைப்பூவுக்கு ஏற்றவை. அகிஸ்மெட், ஒவ்வொரு பின்னூட்டத்தையும் எழுதியவரின் ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்களோடு தன் சர்வருக்கு அனுப்பி, பல தளங்களில் பிடிபட்ட எரிதங்களோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. வருமானம் ஈட்டாத தனிப்பட்ட தளங்களுக்கு இலவசமாகப் பெறலாம், விளம்பரம் வைத்திருந்தால் கட்டணம் உண்டு. ஆன்டிஸ்பேம் பீ ஜெர்மனியில் உருவானது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இயல்பான அமைப்பில் வாசகரின் விவரங்களை வெளியே அனுப்புவதுமில்லை. மனிதரின் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் ஒளித்துவைத்து, அதை நிரப்புகிற நிரலைப் பிடிப்பது அதன் உத்திகளுள் ஒன்று. உங்கள் தளத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். நாடுவாரியாகத் தடுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. டொரோண்டோவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வாசகர்கள் இருக்கும்போது அதைத் தொட வேண்டாம். ஆங்கில எழுத்தில் வருவதையெல்லாம் தடுக்கலாமே என்றும் தோன்றும். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

எதை நிறுவினாலும் எரிதப் பெட்டியை வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். அகிஸ்மெட் பயன்படுத்தினால் 15 நாட்களில் அங்குள்ளவை தானாக அழிந்துவிடும். அதற்குள் நல்ல பின்னூட்டத்தை ‘எரிதம் அன்று’ எனக் குறித்து மீட்டுவிட வேண்டும்.

கேள்வி: பழைய பதிவுகளில் பின்னூட்டத்தை மூடிவிட்டால் எரிதம் குறையுமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: குறையும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேற்பட்ட பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானாக மூடும் விருப்பம் ‘டிஸ்கஷன்’ பகுதியில் உண்டு. அதில் வேர்ட்பிரஸ் 14 நாட்களை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறது. வேண்டிய எண்ணை இட்டு அந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். செய்தி விமர்சனம் எழுதுபவருக்கு அது சரி. முந்தைய கேள்வியை அனுப்பியவரைப் போலக் கல்வெட்டு, சமையல், மருத்துவக் குறிப்பு என்று எழுதுபவர்களுக்கோ பயனுள்ள திருத்தங்கள் ஆண்டுகள் கழித்தும் வரக்கூடும் என்பதால், மூடாமல் மட்டுறுத்தலில் வைத்திருப்பதே நல்லது.