பேரன் ஏன் தமிழில் பதில் சொல்வதில்லை?
வாசகர் கேள்வி – பதில்

வளர்ந்த வீடும் தெருவும் பெற்றோர் பார்த்த வேலையும் ஒருவரை எப்படி ஆக்குகின்றன என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். காவிரிப் பாசனப் பகுதியிலிருந்துதான் கடிதங்கள் மிகுதியாக வந்தன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: மகள் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. பேரனுக்கு ஏழு வயது. நான் தமிழில் பேசினால் எல்லாம் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. மே மாதம் இருபது நாள் இங்கே இருப்பான். ஆத்திசூடி முழுக்க மனப்பாடம் செய்ய வைத்தேன். கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் பேச மாட்டேன் என்கிறான். எங்கே தவறு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வலங்கைமான்

பதில்: ஐயா, புரிகிறது என்றாலே பாதி வேலை முடிந்துவிட்டது. கேட்டுப் புரிந்துகொள்வது ஒரு திறன், வாய் திறந்து பேசுவது இன்னொரு திறன். இரண்டாவது வருவதற்கு அவசியம் என்று ஒன்று வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பேரனுக்குத் தெரியும். பிறகு எதற்குச் சிரமப்படப் போகிறான்?

ஆகவே ஆங்கிலம் உதவாத இடத்தில் அவனை விடுங்கள். காலையில் இருபது ரூபாயைக் கையில் கொடுத்து, நாலு வீடு தள்ளி இருக்கும் கடையில் கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் வாசலில் நின்று பார்த்தால் போதும், கூடப் போக வேண்டாம். அடுத்தது, விளையாட்டுத் துணை. குழந்தைகள் பேச்சைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்வதைவிட, தங்களைவிட ஓரிரு வயது மூத்த பிள்ளைகளிடமிருந்து அதிகம் எடுத்துக்கொள்கின்றன. தெருவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் கிடைத்தால் ஆத்திசூடியை அலமாரியில் வைத்துவிடலாம்.

அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும்போது நிறுத்தி, "தமிழில் சொல்லு" என்று கேட்காதீர்கள். தோசை போதும் என்று ஆங்கிலத்தில் சொன்னால், "போதுமா? சரி, தட்டை எடுத்து வை" என்று நீங்கள் தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். அவனுக்குத் தேவையான சொல் காதில் விழுந்துவிட்டது. நாளைக்கோ மறுநாளோ அது வாயில் வரும். பேச்சுக்கு நடுவே உச்சரிப்பைத் திருத்துவதும், விருந்தாளி முன்னால் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வதும் வாயை மூட வைக்கும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், அவன் காதுபட "இவனுக்குத் தமிழே வராது" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்வது. ஏழு வயதுப் பிள்ளை அதைக் குறையாகக் கேட்காது. 'நான் யார்' என்பதற்கான விடையாக எடுத்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு அதே வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொல்லும்.

இன்னொன்று, மே மாதம். அந்த நேரத்தில் ஆறு மணலாகவும் வாய்க்கால் வெடிப்பாகவும் கிடக்கும், வயலில் ஆளிருக்காது. டெல்டா எதனால் டெல்டா என்று பிள்ளைக்குக் காட்ட அப்போது ஒன்றுமே இல்லை. நீர் இருப்பு சரியாக இருக்கிற ஆண்டில் மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறக்கும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள் ஆகும். கடைமடைக்கு இன்னும் தாமதம். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் விடுப்பெடுத்து வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை நேரத்தில் வரட்டும். மே மாதத்து இருபது நாளைவிட அந்த நாலு நாளில் அவன் கேட்கும் கேள்விகள் அதிகமாக இருக்கும். கேள்வி வந்தால் பேச்சு வரும்.

ஊர் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதைவிட அன்றாடம் பத்து நிமிடம் நல்லது. "என்ன படிச்சே?" என்று கேட்காமல், அவன் இங்கே பார்த்ததன் தொடர்ச்சியைச் சொல்லுங்கள். அவன் தண்ணீர் ஊற்றிய வாழை குலை தள்ளிவிட்டதா என்று அவனே கேட்பான்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் விவசாயக் கூலிகள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அலுவலகத்தில் ஒருமுறை 'அப்பாயி' என்று பாட்டியைக் குறிப்பிட்டதற்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறேன். ஊருக்குப் போனால் 'பட்டணத்தான் ஆயிட்டான்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் நடிப்பதுபோல் இருக்கிறது.
– வாசகர், கீழ்வேளூர் வட்டம்

பதில்: நடிப்பு என்று நினைக்க வேண்டாம், தம்பி. பிரான்சின் தென்மேற்கு மூலையில், குத்தகை விவசாயி ஒருவரின் பேரனாக, அஞ்சல் ஊழியர் மகனாகப் பிறந்து, அந்நாட்டின் தலைசிறந்த சமூகவியலாளர்களில் ஒருவரானவர் பியர் பூர்தியூ (1930–2002). நடை, பேச்சு, சாப்பிடும் விதம், எதைப் பார்த்தால் கூச்சம் வருகிறது என்பது வரை, வளர்ந்த சூழல் நம் உடம்பிலேயே படிந்துவிடுகிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. ஒரு சூழலில் வளர்ந்து வேறொன்றில் வாழ நேர்பவருக்கு அந்தப் படிவு இரண்டாகப் பிளந்து நிற்கும் என்றும் சொன்னார். தன்னையே அதற்கு உதாரணமாக வைத்தார். உங்களுக்கு நேர்வது அதுதான். ஏறி வந்த தூரத்தின் வலி அது. குணக்கேடு எதுவும் அதில் இல்லை.

'தஞ்சாவூர்க் கலாசாரம்' என்று பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் ஒரு தெருவின் கதை. 1961–62இல் ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஒரே ஊருக்குள் மூன்று வாழ்க்கைகள் இருப்பதை எழுதினார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனாலேயே மற்ற தெருக்களோடு பழகுவது எளிதாக இருக்கவில்லை. ஆராய வந்தவருக்கே ஒரு தெரு வந்து ஒட்டிக்கொண்டது என்றால், அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றில் ஒன்றை மட்டும் 'பண்பாடு' என்றும், மற்றதைப் 'பின்தங்கிய நிலை' என்றும் சொல்லும் பழக்கம்தான் உங்களை 'அப்பாயி' என்ற சொல்லுக்குக் கூச வைத்தது. அப்பாயி, அப்பாவைப் பெற்ற ஆயி. எவ்வளவு துல்லியமான சொல் அது! 'பாட்டி' என்றால் எந்தப் பக்கத்துப் பாட்டி என்று தெரியாது. அடுத்த முறை சொல்லிவிட்டு, விளக்கம் தராமல் பேச்சைத் தொடருங்கள். விளக்கம் கொடுத்தால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும்.

உங்கள் அம்மாவுக்குத் தெரிந்ததை ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள். குறுவை நாற்றை இருபது நாளைத் தாண்டி ஓரிரு நாளில் பறித்தாக வேண்டும்; வயது ஏறிய நாற்றை நட்டால் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டாது. குத்துக்கு இரண்டு, மூன்று நாற்று. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது, போனாலும் தூர் குறையும். இதையெல்லாம் அளவுகோல் இல்லாமல், குனிந்தபடி, பக்கத்தில் நடுகிறவரின் வேகத்தோடு சேர்ந்து விரல் செய்கிறது. அந்த வேகத்தைக் கட்டி நிறுத்துவதற்குத்தான் நடவுப் பாட்டு. அது பண்பாடு இல்லையென்றால் வேறெது?

பாட்டுகளைப் பதிவு செய்ய நினைத்தால் வயலில் வேண்டாம். காற்று இரைச்சலில் சொல் கேட்காது. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில், இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்து, கைப்பேசியை ஒரு முழ தூரத்தில் வையுங்கள். தனியாகப் பாடச் சொன்னால் மறந்துவிடும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடினால் தானாக வரும். நடுவில் அர்த்தம் கேட்காதீர்கள். முடிந்த பிறகு, எந்த வேலைக்கான பாட்டு, யாரிடம் கற்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டில் பாடக் கேட்க வேண்டாம். சாவு இல்லாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். வளர்ப்பில் வந்தது எல்லாமே காப்பாற்றத் தக்கதல்ல. உங்கள் அப்பா இன்றும் சிலர் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்கினால், துண்டைத் தோளிலிருந்து இறக்கினால், அது மரபு ஆகாது. பண்ணையாள் முறை அவர் உடம்பில் விட்டுப்போன தழும்பு. பண்ணையாளுக்கும் குத்தகைதாரருக்கும் பாதுகாப்பு தரும் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு 1952இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும், 1968 டிசம்பர் 25 அன்று, உங்கள் பகுதியில் கீழ்வெண்மணியில், கூலித் தகராறில் வைத்த தீயில், விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரவே நாள் பிடித்தது. நீங்கள் ஊருக்குப் போகும்போது பணம் கொடுப்பதோடு நிறுத்தாமல், நாலு பேர் வந்துபோகும் நேரத்தில் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். 'பட்டணத்தான்' என்று சொல்லும் வாய் அப்போது வேறு பேச்சுக்கு மாறும்.

கேள்வி: நாகஸ்வரம், தவில் எல்லாம் குறிப்பிட்ட குடும்பங்களில்தான் வருகிறது. ரத்தத்தில் இருப்பதுதானே?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: அந்த வீடுகளில் பெண் குழந்தைகளும் பிறந்தார்கள். அண்ணனுக்கு இருந்த அதே ரத்தம்தான் தங்கைக்கும். ஆனால் குழல் அண்ணன் கைக்குப் போயிற்று. மதுரை பொன்னுத்தாய் மேடையேறி வாசித்தது ஊர் வியக்கும் செய்தியானதே, மற்றப் பெண்கள் கையில் யாரும் குழலைத் தராததால்தான்.

வீடு செய்யும் வேலை வேறு. நாகஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள்தான். ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட நுணுக்கமெல்லாம் ஊதுமுனையான சீவாளியைக் கவ்வும் உதட்டின் அழுத்தத்திலும் மூச்சின் அளவிலும் பிறக்கிறது. இதை எழுதிக் காட்ட முடியாது, வாரம் இரண்டு வகுப்பில் பிடிக்கவும் முடியாது. விடியற்காலையில் வீட்டார் செய்யும் வாசிப்புப் பயிற்சியைப் படுக்கையிலிருந்தே கேட்டு வளரும் பிள்ளைக்கு, குழலைத் தொடும் முன்பே காது தயாராகிவிடுகிறது. குருகுலத்தில் மாணவரை வீட்டோடு வைத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்மொழியும் ஊரும் வேறு. நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அந்தப் பாணிக்கே அடையாளமாகச் சொல்லப்படும் அளவுக்கு உயர்ந்தார். பிறந்த வீடு காதைத் தந்தது. பாணியை அவர் தேடிப்போய்ப் பெற்றார். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்ற பழமொழியை இவ்விஷயத்தில் பாதிதான் ஒப்புக்கொள்ள முடியும்.

கேள்வி: வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். பத்து வயது மகன் 'நாம தமிழரா, இல்லையா?' என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள், அம்மா. பூர்வீகம் குஜராத் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், தான் இங்கே விருந்தாளி என்று பிள்ளை நினைத்துவிடும். 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட ஊர் தஞ்சாவூர். அவர்களோடு வந்தவர்களின் வழியினர் சிலர் இன்றும் வீட்டில் ஒருவகை மராட்டி பேசுகிறார்கள். ஒரே நாவில் இரண்டு மொழி என்பது இந்த மண்ணில் பழைய வழக்கம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. மொழி ஒரே நாளில் போவதில்லை. நெசவோடு வளர்ந்த உங்கள் மொழியில், தறி போனால் தறியோடு இருந்த சொற்கள் முதலில் போகும். நீள இழையான பாவுக்கும், குறுக்கு இழையான ஊடைக்கும், அதை ஓட்டும் நாடாவுக்கும் உங்கள் மொழியில் உள்ள பெயர்கள் தாத்தாவோடு நின்றுவிடக் கூடும். திருபுவனத்திலோ அய்யம்பேட்டையிலோ உறவினர் வீட்டில் தறி ஓடினால், மகனை அரை நாள் அங்கே உட்கார வைத்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் அவன் கையாலேயே எழுத வையுங்கள். உறவுமுறைப் பெயர்களையும் நூறு வரை எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழே பேசக் கூடாது என்று சட்டம் போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் மட்டும் சௌராஷ்டிரம் என்று வைத்தால் நிற்கும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் குழம்பை 'ஆணம்' என்றதற்கு, 'அது உருது, தமிழ் இல்லை' என்று வகுப்பில் சொன்னார்களாம். அழுதுகொண்டு வந்தாள்.
– வாசகி, நாகூர்

பதில்: 'ஆணம்' தமிழ்ச் சொல்தான், தமிழ் அகராதியிலேயே குழம்பு என்ற பொருளோடு இருக்கிறது. மற்றவர்கள் புழக்கத்தில் விட்டுவிட்டார்கள், உங்கள் வீடு வைத்திருக்கிறது. தொழுகை, நோன்பு, பெருநாள் – மார்க்கக் கடமைக்கும் திருநாளுக்கும்கூட நீங்கள் சொல்வது தமிழில்தானே! நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சண்டைக்குப் போக வேண்டாம். வகுப்பாசிரியரைப் பார்த்து ஒரு சின்னப் பயிற்சி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் குழம்பு, அம்மா, அப்பாவின் அம்மா, காலைச் சாப்பாடு ஆகிய நான்குக்கும் தங்கள் வீட்டில் சொல்லும் சொல்லை எழுதி வரட்டும். அப்பாயி, அப்பத்தா, ஆச்சி, உம்மா, ஆணம், பசியாறுதல் எல்லாம் வரும். வந்த சொற்களை ஆசிரியர் திருத்தாமல் அப்படியே கரும்பலகையில் எழுத வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.