கொப்பரையில் இருந்தவர்

அன்புள்ள ஐயா,

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. காலைக் கூட்டத்தில் வாரம் ஒரு வாழ்க்கைக் கதை சொல்வது என் வழக்கம். சென்ற வாரம் டாக்டர் வில்லியம் வொரல் மேயோவின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்தவர். வீட்டை அடமானம் வைத்து நுண்ணோக்கி வாங்கினாராம். ஓர் எலும்புக்கூட்டை இரும்புக் கொப்பரையில் போட்டு வைத்து, ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் காட்டித் தன் மகன்கள் வில்லுக்கும் சார்லிக்கும் பாடம் சொன்னாராம். அந்தப் பிள்ளைகள்தான் பின்னாளில் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையை உலகறியச் செய்தவர்கள். எலும்புக் கதையைக் கேட்டு மாணவர்கள் கைதட்டினார்கள். என்ன ஒரு அர்ப்பணிப்பு!

என் கேள்வி இதுதான். மருத்துவம் இரத்தத்தில் வருவதா, வளர்ப்பில் வருவதா? என் கணவர் வீட்டில் மூன்று தலைமுறையாக மருத்துவர்கள். என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், அவனுக்கோ நாட்டமே இல்லை. மேயோவைப் போலச் சிறு வயதிலேயே பழக்கியிருக்க வேண்டுமோ? இன்னொன்று, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீனுக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொடர்பு இல்லை. மேயோ 1819இல் பிறந்தவர், கிறீன் 1822இல். இருவரும் ஒரே காலத்து மருத்துவர்கள், அவ்வளவுதான். இரத்தமா வளர்ப்பா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதத்தில் மாமனார் இருக்கிறார், கணவர் இருக்கிறார், மினசோட்டா டாக்டர்கூட இருக்கிறார். பையன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அவனிடம் கேளுங்கள். அதற்கு என் அனுமதி எதற்கு?

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, சம்பளத்துக்குள் அடங்காத ஒரு வேலையாக, வாரம் ஒரு கதை தேடிப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார் என்பதை நினைத்தால் கை கொஞ்சம் தயங்குகிறது. பெரும்பாலான பள்ளிகளில் காலைக் கூட்டம் என்பது வெயிலில் நின்று அறிவிப்பு கேட்பது. நீங்கள் கதை சொல்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அக்கறை இல்லாதவர்களிடம் நான் கோபப்படுவதில்லை.

முதலில் உங்கள் கதையில் விடுபட்டவர். மேயோவின் மனைவி பெயர் லூயிஸ் அபிகெய்ல் ரைட். 1851இல் திருமணம். மேயோ மான்செஸ்டருக்குப் பக்கத்து எக்கிள்ஸில் பிறந்து கடல் கடந்து வந்தவர். மருந்துக்கூடத்தில் இருந்தார், தையல்காரராக இருந்தார், பிறகு இந்தியானாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஓரிடத்தில் நிலைக்காத மனிதர். மலேரியாக் காய்ச்சல் தாளாமல் 1854இல் வண்டியைப் பூட்டிக்கொண்டு இந்தியானாவை விட்டே கிளம்பிவிட்டார். மினசோட்டாவில் வந்து சேர்ந்த பிறகும் விவசாயம், படகுத் துறை, கால்நடை வைத்தியம், உள்ளூர் நீதிபதி வேலை என்று எதையாவது செய்துகொண்டே இருந்தார். வைத்தியத்தில் சோறு கிடைக்காத காலம் அது. அப்போது குடும்பத்துக்குப் பணம் கொண்டுவந்தது லூயிஸ் நடத்திய பெண்கள் தொப்பிக் கடை. கணவர் பல மைல் தாண்டிப் போயிருக்கும் நாட்களில் வாசலில் வந்து நின்ற நோயாளிகளைக் கவனித்ததும் அவர்தான். தாவரங்கள் தெரியும், நட்சத்திரங்கள் தெரியும், வீட்டு உச்சியில் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்தவர். நுண்ணோக்கிக்காக வீட்டை அடமானம் வைத்தது மேயோ என்று எழுதியிருக்கிறீர்கள். 600 டாலர். அந்த வீட்டில் லூயிஸும்தான் குடியிருந்தார். அவர் சரி என்று தலையசைக்காமல் அந்தக் கருவி வந்திருக்காது. உங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளும் இருப்பார்களே?

அது போகட்டும். நான் சொல்ல வந்தது கொப்பரையைப் பற்றி.

'ஓர் எலும்புக்கூடு' என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் கிடைக்கும் ஒரு சாமானைப் போல. அது ஒரு மனிதர், அம்மா. அவர் பெயர் மஹ்பியா அகன் நாஜின். மேகங்களின் மேல் நிற்பவர் என்று பொருள். டகோட்டா இனத்தவர். வெள்ளையர்கள் அவரை வெட்டுமூக்கன் என்று கூப்பிட்டார்கள்.

1851 ஒப்பந்தங்களில் டகோட்டா மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஆண்டுதோறும் பணமும் பொருளும் வரவேண்டும். 1862 கோடையில் பணம் வந்து சேரவில்லை. கிட்டங்கியில் உணவு இருந்தது, கடனுக்குக் கொடுக்க வியாபாரிகள் மறுத்தார்கள். பசியில் ஆகஸ்டில் போர் வெடித்தது. குடியேறிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. அப்போது லெ சூர் என்ற ஊரில் இருந்த மேயோ, தாக்கப்பட்ட நியூ அல்ம் ஊருக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். லெ சூரில் லூயிஸ் ஓடிவந்த அகதிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டார். இருவரும் துணிச்சலானவர்கள், சந்தேகமே இல்லை.

போர் முடிந்தது. இராணுவ விசாரணை நடந்தது. வக்கீல் கிடையாது. சில வழக்குகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. உங்கள் காலைக் கூட்டக் கதையைவிடக் குறைவான நேரம். 303 பேருக்கு மரண தண்டனை. ஜனாதிபதி லிங்கன் ஆவணங்களை வரவழைத்துப் பார்த்துப் பெரும்பாலோரை விலக்கினார். மிஞ்சிய 38 பேரை 1862 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மேன்கேட்டோ ஊரில் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உடல்களை ஆற்றோர மணலில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அன்றிரவே டாக்டர்கள் வந்து தோண்டி எடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். மேயோவின் பங்குக்கு வந்தவர் மஹ்பியா அகன் நாஜின். லெ சூருக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார். சதையை நீக்கி எலும்பை வைத்துக்கொண்டார். மூத்த பையன் வில்லுக்கு அப்போது ஒன்றரை வயது. சார்லி பிறக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகள் எலும்பு படித்தது இவரிடம்தான். உங்கள் மாணவர்கள் கைதட்டியது இதற்குத்தான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அப்படித்தான், உடற்கூறு படிக்க வேறு வழி இல்லை. இல்லைதான். நல்ல அறுவை மருத்துவன் ஆக வேண்டுமென்றால் பிணத்தை அறுத்துப் பழக வேண்டும், சட்டப்படி கிடைக்கும் பிணம் போதாது, ஆகவே திருட வேண்டும். அந்த நூற்றாண்டின் அமெரிக்க மருத்துவக் கல்விக்குள் இந்தத் திருட்டும் ஒரு பாடமாகவே இருந்தது. ஆனால் யாருடைய பிணம்? கறுப்பர்கள், ஏழைகள், அனாதைகள், தூக்கில் தொங்கியவர்கள். தவறிப்போய் ஒரு தடவை பெரிய இடத்தில் கை வைத்துவிட்டார்கள். 1878இல் ஒஹையோ மாநிலத்தில் ஜான் ஸ்காட் ஹாரிசன் இறந்தார். அவருடைய தகப்பனார் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். வேறொருவருடைய காணாமல் போன உடலைத் தேடி சின்சினாட்டி நகரில் இருந்த ஒஹையோ மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார் இவருடைய மகன். அங்கே கயிற்றில் தொங்கிய உடலின் முகத்துணியை விலக்கினால், முந்திய நாள் அடக்கம் செய்த சொந்த அப்பா. நாடு கொதித்தது, செய்தித்தாள்கள் கொதித்தன, சட்டத்தைத் திருத்தினார்கள்.

மேன்கேட்டோவில் யார் கொதிப்பார்கள்? தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பங்கள் உட்பட, டகோட்டா பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாகச் சுமார் 1,600 பேரை அந்தக் குளிர்காலத்தில் ஸ்நெல்லிங் கோட்டைக்குக் கீழே வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். மறு ஆண்டு மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். பிணத்தைக் கேட்டு வர ஒருவரும் மிஞ்சாதபடி எல்லாம் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. எல்லாரும் அப்படித்தான் என்ற சமாதானம் இந்த இடத்தில் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

மஹ்பியா அகன் நாஜின் கொலைகாரர்தானே என்றும் கேட்கலாம். குடியேறிகளைக் கொன்றார் என்பதுதான் குற்றச்சாட்டு. கொன்றே இருக்கட்டும். அதற்குத் தண்டனை தூக்கு, தூக்கிலும் போட்டார்கள். கொப்பரை எந்தத் தீர்ப்பில் இருந்தது?

என் பெரியப்பா மகன் சென்னையில் எம்.பி.பி.எஸ். படித்தான். முதலாண்டு விடுமுறைக்கு வரும்போது சீனியரிடம் விலைக்கு வாங்கிய 'போன் செட்'டை, அதாவது மனித எலும்புத் தொகுப்பை, தகரப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, ஸ்கேப்புலா, கிளாவிக்கிள், ஃபீமர் என்று ஒப்பிப்பான். நாங்கள் சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்போம். எங்கள் அப்பத்தா பயப்படவும் இல்லை, தீட்டு என்று விலகவும் இல்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, இது ஆம்பளையா பொம்பளையா? எந்த ஊரு? பேரு என்ன?" என்று கேட்டார். அவன் சிரித்தான். இருநூற்றுச் சொச்சம் எலும்புக்கும் பெயர் தெரிந்தவனுக்கு அந்த ஒரு பெயர் தெரியவில்லை. "பெத்தவ தேடியிருப்பாளே" என்று சொல்லிவிட்டு அப்பத்தா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவன் இப்போது நல்ல எலும்பு டாக்டர். என் மூட்டை அவன்தான் பார்க்கிறான், கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அப்பத்தா கேட்டதற்கு அவனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை.

மேயோ வீட்டுக் கதை இதைவிட மோசம். அங்கே பெயர் தெரியும். யாரென்று தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் ஆறாதது இதுதான். அந்த அப்பா கொடூரமானவர் இல்லை. இரவில் பனியில் குதிரை வண்டி ஓட்டி ஏழைகளைப் பார்த்தவர். ராச்செஸ்டரில் மேயராக இருந்தார், மாநில செனட்டில் இருந்தார். பிள்ளைகளைப் பிரேதப் பரிசோதனைக்கும் நோயாளி வீட்டுக்கும் கூட்டிப்போய்ப் பழக்கினார். 1883 ஆகஸ்ட் 21 அன்று சூறாவளி ஊரைப் பிய்த்துப் போட்டபோது அப்பாவும் பிள்ளைகளும் காயம்பட்டவர்களோடு நின்றார்கள். அதற்குப் பிறகு பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்துத் தலைவி அன்னை ஆல்ஃபிரட் ஆஸ்பத்திரி கட்டலாம் என்றபோது, இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு என்று மறுத்தவரும் இவர்தான். அந்த அம்மா விடவில்லை. 1889இல் 27 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது, இவர் தன் 70ஆவது வயதில் அதன் பொறுப்பை ஏற்றார். இத்தனை நல்ல மனிதருக்கு, தன் பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுத்தது இன்னொரு தாய் பெற்ற பிள்ளை என்பது உறைக்கவில்லை. கெட்டவர்கள் செய்ததைச் சொல்வது எளிது, பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். இதைச் சொல்வதுதான் கடினம். கடினமானதைச் சொல்லத்தான் ஆசிரியர்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூர்வகுடிகளின் எலும்புகளைத் திருப்பித் தர வேண்டும் என்று 1990இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன்பின் மேயோ நிறுவனம் தன்னிடம் மிஞ்சியிருந்ததை டகோட்டா மக்களிடம் ஒப்படைத்தது, அவர்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள். 2018இல் நிறுவனத்தின் ஆட்கள் நெப்ராஸ்காவில் உள்ள சான்ட்டீ டகோட்டா குடியிருப்புக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். மருத்துவம் படிக்கும் பூர்வகுடி மாணவருக்கு மஹ்பியா அகன் நாஜின் பெயரில் ஓர் உதவித்தொகையும் அறிவித்தார்கள். 156 ஆண்டு தாமதம். இருந்தாலும் ஊர் தேடிப் போய்க் கேட்டார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் வேறு கதைக்குத் தாவிவிடாதீர்கள். இதே கதையை இன்னொரு முறை சொல்லுங்கள். நுண்ணோக்கி இருக்கட்டும், லூயிஸைச் சேருங்கள், மஹ்பியா அகன் நாஜின் என்ற பெயரை மூன்று தடவை சொல்லுங்கள், பிள்ளைகளையும் சொல்லச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் "பிரேயரில் பிணக்கதை எதற்கு டீச்சர்?" என்று கேட்டால், போன வாரம் அதே கதையைக் கேட்டுக் கைதட்டியபோது அவரும் பக்கத்தில்தானே நின்றார் என்று கேளுங்கள்.

அன்புடன்.