தருமபுரியில் இருக்கிறோம், குழந்தைகளோடு மரத்தில் வடிவப் புதிர்கள் செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?

நான்காம் வகுப்புப் பையனும் ஏழாம் வகுப்புப் பெண்ணும் இருப்பதாகவும், கடையில் வாங்கிக் கொடுத்த மரப்புதிரை இருவரும் ஒரே நாளில் மூலையில் போட்டுவிட்டதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இனி வாங்காதீர்கள், செய்ய வையுங்கள். புதிரை அவிழ்க்கும்போது கற்பதைவிட, அளந்து அறுத்துத் தேய்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு வடிவங்கள் கைவசம் ஆகின்றன. நான் காவேரிப்பட்டணத்துக்காரன். எங்கள் தெருவில் மாங்காய் சீசனும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும்போது பிள்ளைகளோடு இந்த வேலைதான் ஓடும்.

டேன்கிராமில் தொடங்குங்கள். சீனாவிலிருந்து உலகம் முழுக்கப் போன ஏழு துண்டுப் புதிர். முதலில் மரம் வேண்டாம், அட்டை போதும். உங்கள் பெண்ணுக்குப் புள்ளிக்கோலம் தெரிந்திருக்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி, இடைவெளி 5 செ.மீ. என்று வைக்கச் சொல்லுங்கள். சதுரத்தைச் சுற்றிக் கோடு போட்டபின், உள்ளே ஐந்தே கோடுகள். கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒன்று. கீழ்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் வலப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் சேர்த்து ஒன்று. மேல் இடது மூலையிலிருந்து சதுரத்தின் நடுப்புள்ளி வழியாக வந்து அந்த இரண்டாவது கோட்டில் முட்டி நிற்பது மூன்றாவது. முட்டிய இடத்திலிருந்து நேர் மேலே போய் முதல் கோட்டைத் தொடுவது நான்காவது. கீழ்ப்பக்க நடுப்புள்ளியிலிருந்து இடப்பக்கம் சாய்வாக ஏறி அதே முதல் கோட்டைத் தொடுவது ஐந்தாவது. எல்லா மூலைகளும் புள்ளியிலேயே விழும். 7.07 என்றெல்லாம் அளக்க வேண்டிய தொல்லையே இல்லை.

மரத்துக்கு 6 மி.மீ. ப்ளைவுட் நல்லது. மர வேலைப் பட்டறையில் கேட்டால் வேஸ்ட் துண்டு கிடைக்கும். முழுப் படத்தையும் பலகையில் வரைந்து கோட்டின்மேலேயே அறுக்கக் கூடாது. ரம்பம் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும், துண்டுகளைத் திரும்பச் சேர்த்தால் சதுரம் வராது. அட்டைத் துண்டுகளைத் தனித்தனியாகப் பலகைமேல் வைத்து வரைந்து, கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடுவரை உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். உப்புத்தாளை கிரானைட் மேடையில் விரித்து, அதன்மேல் துண்டைத் தேய்க்கச் சொல்லுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். 80ஆம் நம்பரில் தொடங்கி 120, 220 என்று போகலாம். அறுக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தேய்ப்பதைச் சின்னவனிடமே விட்டுவிடலாம். பெயின்ட் வேண்டாம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

துண்டுகள் தயாரானதும் ஒன்று செய்யுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இது. சதுரம், இணைகரம், நடுத்தர முக்கோணம் மூன்றையும் முன்னால் வைத்து எது பெரியது என்று கேளுங்கள். பெரும்பாலும் முக்கோணம் என்பார்கள், சிலர் இணைகரம் என்பார்கள். அப்புறம் மளிகைக் கடைக்கு அனுப்புங்கள். "அண்ணா, இதைக் கொஞ்சம் தராசுல போட்டுப் பாருங்க" என்று ஒவ்வொன்றாக வைத்தால், கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும். இரண்டு சின்ன முக்கோணங்களைச் சேர்த்து வைத்தாலும் அதே எடை. பெரிய முக்கோணம் அதைப்போல் இரண்டு மடங்கு. 'பரப்பளவு' என்று பாடத்தில் படித்ததை ஒரு பிள்ளை தராசு முள்ளிலோ திரையிலோ பார்க்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரே பலகையில் வெட்டியிருந்தால்தான் எடை ஒத்துவரும்.

பெண்ணுக்கு அடுத்தது சோமா கனம். டென்மார்க்கின் பீட் ஹைன் 1933இல் கண்டுபிடித்தது. 27 சின்னக் கனங்களை ஒட்டி ஏழு துண்டுகள்: ஒன்றில் மூன்று கனம், மற்ற ஆறில் நான்கு நான்கு. ஏழில் நான்கு மேசைமேல் தட்டையாகப் படுக்கும், இரண்டு முறுக்கியிருக்கும், ஒன்று மூன்று பக்கமும் கை நீட்டும். ஏழையும் சேர்த்தால் 3×3×3 கனம். அப்படிச் சேர்க்க 240 வழிகள் இருக்கின்றன.

இதற்கு ஓர் இன்ச் சதுர ரீப்பர், அதாவது நீள மரச்சட்டம், மூன்று அடி வேண்டும். ஆசாரியிடம் இழைத்தே வாங்குங்கள். நம் பக்கம் மாமரம் எளிதாகக் கிடைக்கும், பிள்ளைகளின் கைக்கும் அறுபடும். நன்றாகக் காய்ந்ததா, பூச்சி அரித்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வரும் பைன் பெட்டி, பேலட் மரமும் அருமையானது. அதில் 'எச்.டி.' என்று முத்திரை இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, வாங்கலாம். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

இங்கே அளவில் கறாராக இருங்கள். நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கனம் அரை நூல் கூடினால் மூன்று சேரும்போது ஒன்றரை நூல், அதாவது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். ரீப்பர் சரியாக ஓர் இன்ச் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. அது எவ்வளவு தடிமனோ, அதே நீளத்துக்கு 27 துண்டும் வர வேண்டும். அந்த நீளத்தில் ஒரு தடுப்புக்கட்டை அடித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை.

ஒட்டும்போது கனத்தின் வெட்டு முகத்தைக் கவனியுங்கள். ரம்பம் குறுக்கே அறுத்த அந்த முகம் ஃபெவிகாலை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டு நிற்காது. தட்டையாகப் படுக்கும் நான்கு துண்டுகளுக்கு, எல்லாக் கனங்களின் வெட்டு முகமும் மேலே பார்க்கும்படி அடுக்கி ஒட்டினால் பிரச்சினையே இல்லை. முறுக்கிய இரண்டு துண்டுகளிலும் கனங்களைத் திருப்பிப் பார்த்துத் தப்பித்துவிடலாம். மூன்று பக்கமும் கை நீட்டும் துண்டில் மட்டும் நடுக்கனத்துக்கு எப்படியும் ஒரு வெட்டு முகம் மாட்டும். அங்கே துளை போட்டு ஒரு மூங்கில் குச்சியைச் செருகி ஒட்டுங்கள்.

அந்த முறுக்கிய இரட்டையரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம். பிள்ளைகள் ஒன்றைத் திருப்பித் திருப்பி மற்றதாக்கப் பார்ப்பார்கள். தடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி நெடுநேரம் உருட்டிவிட்டு, "மாமா, இது வலது கால் செருப்பு, அது இடது கால் செருப்பு" என்றாள். அப்போது டேன்கிராம் இணைகரத்தை எடுத்துக் காட்டுங்கள். அதுவும் இடம் வலம் உள்ளதுதான், ஆனால் மேசையிலிருந்து தூக்கிப் புரட்டினால் மாறிவிடும். அதைத் தூக்கிப் புரட்ட ஒரு மூன்றாவது திசை இருக்கிறது. கனத்துண்டைப் புரட்ட நம்மிடம் நான்காவது திசை இல்லை. ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இது புரியும், தைரியமாகச் சொல்லுங்கள்.

விடைத்தாள் எதையும் அச்செடுத்துக் கொடுக்காதீர்கள். சோமா சில நாள் சேராமல் கிடந்தாலும் பரவாயில்லை. வைக்க ஒரு பெட்டி செய்வதானால் உள்ளளவை 2 மில்லிமீட்டர் தாராளமாக விடுங்கள். மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதும்.